ஸ்பிரிங்கைக் குதிக்க வைப்பது எப்படி

பிளாஸ்டிக் பை ஒன்றை ஊதி, அவன் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், தையல் அக்கா இரண்டு கையாலும் அறைந்து வெடிக்க வைத்தபோது ஸ்பிரிங் எவ்வளவு உயரம் குதித்தான் என்பதில் அந்த மெத்தைக் கம்பெனியில் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது. டியூப் லைட்டைத் தலையால் தொட்டான் என்பது லோடு ஏற்றுகிறவர்கள் கட்சி. தொடவெல்லாம் இல்லை, லைட்தான் பயந்துபோய்த் தானாக அணைந்தது என்பது சூப்பர்வைசர் கட்சி. செருப்புகள் நின்ற இடத்திலேயே ஜோடியாக நின்றன, கால்கள் மட்டும்தான் மேலே போயின என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை, உறை போடாத மெத்தை மேல் விழுந்து, அது தூக்கிப் போட, மறுபடி விழ, மறுபடி தூக்கிப் போட, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் ஆள் தரைக்கு வந்தான் என்றும் ஒரு வரலாறு உண்டு. சாப்பாட்டை மேலேயே எறிந்து கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வது மட்டும் பொய். அப்படியெல்லாம் மிகைப்படுத்திப் பேசக் கூடாது.

சுருள் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, ஓரக் கம்பியோடு சேர்த்துக் கிளிப் அடிப்பது அவன் வேலை. காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அழுத்தினால் டப் என்று கடிக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் கையில் அது டப் டப் என்று வெடித்துக்கொண்டே இருக்கும். ஒரு இமைகூட ஆடாது. தான் போடுகிற சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. அடுத்தவர் ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டால் போதும், ஆள் அந்தரத்தில். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறதாம், யாரும் போய்ப் பார்த்ததில்லை.

விளையாட்டுக்குச் சட்டம் உண்டு. எவர் குதிக்க வைக்கிறாரோ அவருக்கு அன்றைய டீ மற்றவர்கள் செலவு. ஒரே மாதிரி இரண்டு தடவை செய்யக் கூடாது. சாப்பிடும்போது செய்யக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் அவன் தொண்டையில் ஒரு தடவை கவளம் அடைத்து முகம் நீலமாகப் போன பிறகு வந்தது. மனிதாபிமானம் உள்ள கம்பெனி.

குதித்து முடித்ததும் முதலில் சிரிப்பவன் அவன்தான். "அய்யோ, கொன்னுட்டீங்களே அக்கா" என்று நெஞ்சில் கையை வைத்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அடங்கியதும் வாய்க்குள் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு ருசி வரும். பின்பக்கம் போய், பசை டின்கள் அடுக்கிய இடத்தில் இருக்கும் குழாயைத் திறந்து கொப்பளிப்பான். பசை நாற்றம், ஈர ஃபோம் நாற்றம், தன் அக்குளில் இருந்து புளித்துக் கிளம்பும் வியர்வை நாற்றம். எல்லாவற்றையும்விட அருவருப்பு அந்தச் சிரிப்புத்தான். எட்டி உதைத்தவன் காலை நக்கப் போகிற தெருநாய் மாதிரி அது அவன் முகத்தில் தானாக வந்து உட்காரும். அவன் அதைத் துப்பிப் பார்ப்பான். வராது.

பக்குவமான மனிதர்கள் சிலர் கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லலாம். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்து முகம் மலர்ந்த நேரம் அது ஒன்றுதான். அவன் லீவு போட்ட நாளில், "ஸ்பிரிங் இல்லாம மெத்தையே சரியில்லப்பா" என்பார்கள். அவனுக்கு ஊரில் கிடைத்த மரியாதை அவ்வளவே. அதையும் எப்படி விடுவது?

விட வேண்டிய நாள் வீட்டில் வந்தது.

ஒரு சாயங்காலம் அவன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மகள் முதல் வகுப்பு. அப்பா எப்படிக் குதிப்பார் என்ற புராணத்தை, ஒரு நாள் வீட்டுக்கு வந்த சூப்பர்வைசர் வாயால் கேட்டவள், தானும் ஒரு காகிதப் பையை ஊதிக்கொண்டு, பூனை நடை நடந்து பின்னால் வந்தாள். பையை அறைந்தாள். அவன் இந்தத் தடவை குதிக்கவில்லை. முழங்கை பின்னால் போனது. அவன் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது. திரும்பிப் பார்த்தபோது குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆடாத பல் ஒன்று உதட்டுக்கு வெளியே சாய்ந்து நின்றது. எச்சிலும் ரத்தமும் கலந்து மோவாயில் இருந்து நூலாக இறங்கியது. அவள் அழவில்லை. "சாரிப்பா" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் திரும்பிக்கொண்டான். கழுவும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தான், கழுவிய தட்டுகளின் மேலேயே.

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினாள். திரும்பி வந்து குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா அவ பல்லுக்குத் தெரியாது. இன்னொரு தடவை உன் கை அவ மேல பட்டா, நானும் பாப்பாவும் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். கோவத்துல சொல்லல. பாரு, என் குரல் ஏறவே இல்ல."

ஏறவில்லைதான். அதனால்தான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு மகள் ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டாள். அறைக்குள் வருமுன் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். புருவம், வாய், கை எங்கே இருக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டு, பிறகுதான் காலை உள்ளே வைப்பாள். மளிகைக் கடையில் புழு இருக்கிறதா என்று பருப்பைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அந்த வயதுக்கு அது ஒட்டவே இல்லை. தன் மகள் தேடிப் பார்க்கும் புழு தான்தான் என்பதை அவனால் விழுங்க முடியவில்லை. மனைவி சொன்ன மனநல டாக்டரிடம் மறுபேச்சில்லாமல் போனான்.

டாக்டர் அம்மா வயதானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தூங்கும்போது எப்படிப் படுப்பீங்க?"

"சுவத்துல முதுகை ஒட்டி வச்சுக்கிட்டு."

"மெத்தை செய்யறவர், நல்லாத் தூங்குவீங்கன்னு நெனச்சேன்."

"மெத்தையைத்தான் எங்க கம்பெனி செய்யுது டாக்டர். தூக்கத்தை வேற கம்பெனி செய்யுது."

டாக்டர் சிரித்தார். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சின்ன வயதில் யார் வளர்த்தார்கள் என்று கேட்டார். அப்பா செத்த பிறகு பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு அம்மா வெளியூரில் வேலைக்குப் போனாள் என்றான். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொல்ல வாயைத் திறந்தால் அங்கே ஒன்றும் இல்லை. படித்த வகுப்புகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், விளையாடிய தெரு, எல்லாம் கரையான் தின்ற பலகை மாதிரி உளுத்துப்போய்க் கிடந்தது. இரண்டு சாமான் மட்டும் முழுசாக இருந்தன. ஒன்று பெப்பர்மிண்ட் வாசனை. பெரியப்பா அடித்து முடித்ததும், அழுகையை அடைக்க, தன் வாயில் ஈரமாக்கிய கட்டைவிரலால் ஒரு பெப்பர்மிண்ட்டை அவன் வாய்க்குள் தள்ளுவார். விரலும் சேர்ந்து உள்ளே வரும். இன்னொன்று அவருடைய எஃகுப் பட்டை போட்ட கைக்கடிகாரம். அடிப்பதற்கு முன் க்ளிக் என்று அதைக் கழற்றி, கைக்குட்டையை மடித்து, அதன் மேல் வைப்பார். பையனுக்குப் படலாம், கடிகாரத்துக்குப் படக் கூடாது.

சொல்லிவிட்டு, "ஆனா சோறு போட்டவரு டாக்டர். ஊர்ல எல்லாரும் அவரைப் புண்ணியவான்னுதான் சொல்லுவாங்க" என்றான். பழக்க தோஷம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நம்ம எல்லார் மண்டைக்குள்ளயும் ஒரு காவக்காரன் இருக்கான். ஆபத்துன்னா மணி அடிப்பான். 'உக்காருடா, அது காத்துல கதவு அடிச்சது'ன்னு அவனை அடக்க ஒரு பெரிய மனுஷனும் உள்ள இருக்கணும். அவர் மெதுவாத்தான் வளருவார், குழந்தைப் பருவம் பூரா எடுத்துப்பார். அடியும் பயமுமா வளர்ற குழந்தைக்கு, அவருக்குப் போக வேண்டிய தீனியையும் காவக்காரனே தின்னு கொழுத்துடறான். ஞாபகத்தை அடுக்கி வைக்கிற இடமும் சரியா வளராது. நீங்க தேடினா காலியா இருக்கே, அது இதனாலதான்."

"அப்ப என் மூளை கெட்டுப்போச்சா?"

"அந்த வீட்டுல உயிரோட இருக்க எப்படி வளரணுமோ, அப்படி வளர்ந்திருக்கு. இப்ப நீங்க வேற வீட்டுல இருக்கீங்க. அதை யாரும் அதுக்கு இன்னும் சொல்லல."

"சொன்னாக் கேக்குமா?"

"மெதுவாக் கேக்கும். ஆனா தினமும் பின்னால நின்னு வெடி போட்டா எப்படிக் கேக்கும்? முதல்ல கம்பெனில அந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

சூப்பர்வைசர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருகிற அசிங்கத்துக்கெல்லாம் காரணம் அந்த நல்ல மனசுதான். மறுநாள் ஸ்பிரிங் போய், "அண்ணே, அந்த விளையாட்டு வேணாம்ணே. டாக்டர் சொல்றாங்க" என்றதும் அவருக்குப் புரியவில்லை.

"குதிக்கிறதுக்கு டாக்டரா? குதிக்க முடியாதவன்தான்டா டாக்டர்கிட்டப் போவான்."

"இல்லண்ணே. பாப்பாவுக்குப் பல்லு போச்சு என்னால."

சூப்பர்வைசர் முகம் மாறியது. "ஏன்டா இப்படி ஆவுது உனக்கு? சின்ன வயசுல யாராவது பயமுறுத்திட்டாங்களா?"

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அடிச்சாரு என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வரை வந்தது. அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தவரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னால், சொன்ன வாய்தான் நாறும் என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. "அதெல்லாம் பெரியப்பாவைக் கேட்டாத்தான் தெரியும்ணே" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தான்.

இப்போது சூப்பர்வைசருடைய தொழில் ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் அவர் கையை வைக்க மாட்டார். வைக்கவும் விட மாட்டார். "மிஷினை மாட்டின ஆளைக் கூப்பிடு" என்பார். அந்த ஒரு வேத வாக்கியத்தை வைத்தே அவர் மேலே வந்தார். ஸ்பிரிங் விஷயத்திலும் அதைத்தான் செய்தார். விளையாட்டை அன்றைக்கே நிறுத்தினார். தையல் அக்கா கையில் ஊதி வைத்திருந்த பையில் இருந்து அவரே காற்றைப் பிடுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். எங்கெங்கோ விசாரித்து, பெரியப்பாவின் போன் நம்பரைப் பிடித்து, புது மெத்தைத் தையல் மிஷின் வந்து இறங்கும் நாளில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுகிறோம், நீங்கள்தான் வந்து மிஷினை ஓட்டி வைக்க வேண்டும் என்று அழைத்தும்விட்டார். ஸ்பிரிங்குக்குத் தெரியாது. அவன் சந்தோஷப்படட்டும் என்று ரகசியமாக வைத்தார்கள்.

அந்த நாள், மகளும் மனைவியும் கூட வர, அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். கூடத்தின் நடுவில், இருப்பதிலேயே உயர்ந்த ரக மெத்தையை மேடை மாதிரி போட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதன் மேல் பெரியப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை. வழித்த முகம். நல்ல சாவு வருவதற்கு எல்லாத் தகுதியும் உள்ள முகம். அவர் அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் கறக் கறக் என்றது. கன்னத்தில் ஒரு பெப்பர்மிண்ட் உருண்டது.

"வாடா" என்றார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் கூட்டாளிங்க ராஜ மரியாதை பண்றாங்கடா எனக்கு."

ஸ்பிரிங் சிரித்தான். அதே சிரிப்பு. மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பெரியப்பா பேச்சுக்காரர். வந்த வேகத்தில் எல்லோரையும் மடக்கிவிட்டார். லோடு ஏற்றுகிறவர்களைப் பார்த்து, "தூங்கறதுக்கு இவ்வளவு பெரிய மெத்தையா? நான்லாம் ஆபீஸ் நாற்காலியிலேயே தூங்கிப் பென்ஷன் வாங்கினவன்" என்றார். கூடம் குலுங்கியது. தையல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், மனிதர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னார். ஸ்பிரிங்குக்கு அவருடைய மூச்சு மட்டும் தெரிந்தது. இனிப்பும் சளியும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடை கூடம் முழுவதும் நிரம்பி, சுருள் கம்பிக்குள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "ஐயா, நம்ம பையன் தங்கமான ஆளு. ஒரே ஒரு குறை. சின்னச் சத்தம் கேட்டாலும் ஆகாசத்துக்குக் குதிக்கிறான். நீங்க வளர்த்தவர், என்ன ஏதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"குதிக்கிறானா?" பெரியப்பா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "என்கிட்ட இருந்த வரைக்கும் குதிச்சதே இல்லையே! நிறுத்தின இடத்துல நிப்பான். உங்களுக்குப் பழக்கத் தெரியல, அதான். வேணும்னா இப்பப் பாருங்க."

இடது கையை உயர்த்தினார். சபை ஆவலோடு பார்த்தது, வித்தை காட்டுகிறவனைப் பார்ப்பது போல. அவர் கைக்கடிகாரத்தின் பட்டையைக் கழற்றினார்.

க்ளிக்.

ஸ்பிரிங் குதிக்கவில்லை. செருப்பைக் கழற்றினான். அதை ஜோடியாகச் சேர்த்து ஓரமாக வைத்தான். முதுகை நிமிர்த்தி, கண்ணைத் தரையில் பதித்து, இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்தி முன்னால் நீட்டினான். கம்பி கிழித்த தழும்புகள் நிறைந்த, காய்த்துப்போன, நாற்பதை நெருங்குகிறவனின் கைகள். உதடு அசைந்தது. "இனிமே பண்ண மாட்டேன் பெரியப்பா" என்றான். குரல் ஒரு சின்னப் பையனுடையது.

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் இருமலாக்கினார்.

"பாத்தீங்களா!" பெரியப்பாவின் முகம் மின்னியது. "இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் மறக்கல. அதான் வளர்ப்புங்கறது." கைக்குட்டையை எடுத்து மடித்து, மெத்தை மேல் விரித்து, கடிகாரத்தை அதில் பத்திரமாக வைத்தார்.

தையல் அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இத்தனை பைகளை அறைந்த கைகள். சூப்பர்வைசர், "ஐயா... போதும் ஐயா, வாட்சைக் கட்டிக்குங்க" என்றார். கிழவர் காதில் வாங்கவில்லை. அவருக்கு ரசிகர்கள் போதவில்லை. கட்டைவிரலை மறுபடி நாக்கில் தொட்டுக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் நின்ற குழந்தையைப் பார்த்தார்.

"இதுதான் பேத்தியா? இங்க வா கண்ணு. நீயும் கையை நீட்டு பாப்போம், அப்பா மாதிரி."

குழந்தை பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். புருவம், வாய், கை எங்கே இருக்கிறது. அப்பாவின் கைகளைப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, அம்மாவின் பிடியில் இருந்து மெல்ல விரல்களை உருவி, தன் வலது கையை முன்னால் கொண்டு போக ஆரம்பித்தாள்.

ஸ்பிரிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் அந்தச் சின்னக் கையின் நிழல் நீண்டது.

அவன் எப்படி அங்கே போனான் என்று கம்பெனியில் யாரும் பார்க்கவில்லை. டியூப் லைட் கட்சிக்காரர்களே அதைப் பற்றி இன்றுவரை கதை கட்டவில்லை. அவன் கை பாய்ந்தது. பல்லைச் சாய்த்த அதே வேகம், அதே கை. மனைவி "வேண்டாம்!" என்று அலறினாள். கை குழந்தையின் மணிக்கட்டுக்கு மேல், ஒரு மூச்சு இடைவெளியில், நின்றது. பிறகு அந்தச் சின்னக் கையை மூடிக் கீழே இறக்கியது.

"நீட்டாத" என்றான் மகளிடம். பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்காமலேயே, "நீங்க கிளம்புங்க" என்றான். குரல் இன்னும் முழுசாக வளரவில்லை. ஆனால் கேட்டது.

"என்னடா சொன்ன? சோறு போட்ட கையைக் கடிக்கிறியா? நன்றி கெட்ட நாயே, ஒங்கப்பன் செத்தப்ப ஒன்னைத் தெருவுல விட்டிருக்கணும்..." கிழவர் எழ முயன்றார். உயர்ந்த ரக மெத்தை அவரை விடவில்லை. எழ எழ உள்ளே இழுத்தது. பெப்பர்மிண்ட் வெளியே தெறித்து, பிளாஸ்டிக் உறை மேல் எச்சில் கோடு போட்டுக்கொண்டு உருண்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

தையல் அக்காதான் முதலில் நகர்ந்தாள். ஓட்டி வைக்க ஆள் வரவழைத்திருந்த அந்தப் புது மிஷினுக்குப் போய், துணிகூடப் போடாமல், சுவிட்சைத் தட்டினாள். ஊசிகள் ஒட்டுமொத்தமாக வெறும் காற்றைத் தைக்க ஆரம்பித்தன. லோடு ஏற்றுகிறவர் ஒருவர் ஃபோம் அறுக்கும் மிஷினைப் போட்டார். இன்னொருவர் காற்றழுத்த மோட்டாரை. சூப்பர்வைசர் பழைய மிஷினைத் தானே ஓட்டினார். கூடம் அதிர்ந்தது. அந்த இரைச்சலின் நடுவில் பெரியப்பாவின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாக்கு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

ஸ்பிரிங் மகளுக்கு எதிரில் மண்டியிட்டிருந்தான். இவ்வளவு சத்தத்திலும் அவன் தோள் ஒவ்வொரு அதிர்வுக்கும் துள்ளியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் கை அவன் கைக்குள் இருந்தது. பிடித்துப்போய் இருக்கிறதா, இழுத்துக்கொள்ளப் பயந்து இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை தொங்கியது. அவளும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். சுண்டுவிரல், மோதிர விரல், கடைசியில் கட்டைவிரல். இப்போது அவளுடைய கை அவன் கையின் மேல் சும்மா கிடந்தது, யாரும் பிடிக்காமல். அவன் அசையாமல் இருந்தான். தையல் ஊசிகள் காற்றைத் தைத்துக்கொண்டே இருந்தன.